தண்ணீர் வைத்து, கயிற்றைக் கழற்றி: நிச்சயமற்ற காலத்தில் இறைவனிடம் ஒப்படைக்கப் பழகுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடக்கத் தொடங்கியபோது, எங்கள் அம்மம்மா படலையைச் சாத்துமுன் மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். தொட்டி நிறையத் தண்ணீர் வார்த்தார். கிடந்த வைக்கோல் முழுவதையும் இழுத்துப் போட்டார். பின்பு பசுவின் கழுத்துக் கயிற்றைக் கழற்றி வேலிக் கதியாலில் கொழுவிவிட்டு வந்தார். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் அயலவர் ஒருவர் மாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "தண்ணி வைச்சனான், கயித்தைக் கழட்டினனான், இனி அது அவன்ரை மாடு" என்று சொல்லிவிட்டுத் தலையிலிருந்த மூட்டையைச் சரிசெய்துகொண்டார்.

எனக்கு அப்போது 11 வயது. அந்தப் பதில் கல்நெஞ்சாகத்தான் பட்டது. சைவ சித்தாந்தம் உயிரைப் பசு என்றும், அதைப் பிணித்திருக்கும் கட்டைப் பாசம் என்றும் சொல்வதையும், பாசம் என்ற சொல்லுக்கே கயிறு என்று ஒரு பொருள் இருப்பதையும் பின்னாளில் படித்தபோது, அந்த இரவில் அவர் செய்த மூன்று காரியங்களும் ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தமை புலப்பட்டது. தன்னால் செய்யக்கூடியதை முதலில் செய்து முடித்தார். அதன்பின் பிடியை விட்டார். அதற்குப் பிறகே உரியவனான இறைவனைச் சுட்டிச் சொன்னார். இந்த ஒழுங்கைக் குலைத்து, தண்ணீர் வைக்காமலே "அவன் பார்த்துக்கொள்வான்" என்பவர்களையும், தண்ணீர் வைத்த பின்னரும் கயிற்றைக் கழற்ற மனமில்லாதவர்களையும் நம்மிடையே நிறையக் காண்கிறோம். பின்வரும் வழிகாட்டி இரு சாராருக்கும் உரியது. குறிப்பாக வெளிநாட்டில் மகனுடைய அகதி வழக்கின் தீர்ப்பையோ, பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியையோ (Z-score), வைத்தியசாலையில் எடுத்த இழையப் பரிசோதனையின் முடிவையோ, பாதியில் நின்றுபோன கலியாணப் பேச்சின் மறுமொழியையோ எதிர்பார்த்து இருப்பவர்களை மனதிற்கொண்டு எழுதுகிறேன்.

தொடங்குமுன்: தெரியாமை குறித்து ஒரு தெளிவு

பள்ளிக்கூடத்தில் சைவநெறிப் பாடத்தில் இறைவனின் ஐந்தொழில்களை மனனம் செய்திருப்போம்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றுள் நான்காவதை ஒப்புவித்துவிட்டுக் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் நிச்சயமின்மையால் வருந்துகிறவருக்கு மிகவும் வேண்டியது அந்த நான்காவதுதான். நாளை என்ன நடக்கும் என்பதை உயிர் அறியாதிருப்பதும், அறியாமலே வாழ்ந்து, வினைகளை நுகர்ந்து, பக்குவமடைவதும் இறைவனுடைய தொழிலின் பகுதி என்று சித்தாந்தம் கொள்கிறது. திரோதான சக்தி என்று பெயர்பெறும் அந்த மறைப்பாற்றலே, உயிரைப் பிணித்திருக்கும் மலம் என்ற அழுக்கு பக்குவம் அடையும்போது அருட்சக்தியாக மாறி நிற்கும் என்றும் சொல்கிறது. ஆகவே எதிர்காலம் உங்களுக்குப் புலப்படவில்லை என்பதை இறைவன் உங்களைக் கைவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள இடமில்லை. மறைப்பவனும் அருள்பவனும் ஒருவனே.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லித் தந்தவர்கள் நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளும் அவருடைய சீடர் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளும் (1872–1964). "ஒரு பொல்லாப்பும் இல்லை", "எப்பவோ முடிந்த காரியம்", "நாம் அறியோம்", "முழுதும் உண்மை" என்ற நான்கு வாக்கியங்கள் இன்றும் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. இவற்றுள் "எப்பவோ முடிந்த காரியம்" என்பதை மாத்திரம் பிய்த்தெடுத்து, முயற்சி செய்யாதிருப்பதற்கு நியாயமாகக் காட்டுவோரைக் கண்டால் எனக்குச் சற்றுக் கோபம் வருவதுண்டு. அதைச் சொல்லித் தந்த யோகர் சுவாமிகள் துறவுக்கு முன் இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பின்பு தம்மிடம் வந்தவர்களுக்குச் சிவதொண்டைச் சொல்லிக்கொடுத்தவர். தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வாக்கியத்தை. "நாம் அறியோம்" என்று சொல்வதற்கு எந்தத் துணிவும் வேண்டியதில்லை. அது உண்மையாக இருப்பதே போதும்.

முதற்படி: பயத்தை ஒரு வசனத்தில் எழுதுங்கள்

ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து, உங்களை அலைக்கழிப்பது எதுவென்று ஒரே வசனத்தில் எழுதுங்கள். "எல்லாம் பயமாக இருக்கிறது" என்று எழுதினால் அதை இறைவனிடம் ஒப்படைக்க முடியாது, ஏனெனில் எதை ஒப்படைக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. "வைகாசியில் வரும் தீர்ப்பில் மகனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ" என்பது ஒப்படைக்கக்கூடிய வசனம். சிலருக்கு இந்த வசனம் எழுதி முடிந்ததும் அதன் அடியில் இன்னொன்று கிடப்பது தெரியவரும்: திருப்பி அனுப்பினால் வாங்கிய கடனை எப்படிக் கட்டுவது, ஊர் என்ன சொல்லும் என்பது போல. அதையும் எழுதுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் பல வேளைகளில் மூலப் பயத்தைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

இரண்டாம் படி: உங்கள் பங்கைப் பிரித்து, அதற்கு ஒரு முடிவுநாள் வையுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. காலபோக நெல்லோ வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. நம்முடைய கமக்காரர்கள் மழைக்கு முன்பே, நிலம் காய்ந்து புழுதியாகக் கிடக்கும்போதே விதைப்பதைப் புழுதி விதைப்பு என்பார்கள். உழுவது, நல்ல விதைநெல் தெரிவது, வரம்பு கட்டுவது, வேலி அடைப்பது ஆகியவை கமக்காரனின் பங்கு; மழை அவனுடைய பங்கில் இல்லை. மழை வருமென்று உறுதியான பிறகு விதைப்பேன் என்று காத்திருப்பவனுக்கு அந்தப் போகம் கைநழுவிப் போகலாம். விதைத்தபின் நாள்தோறும் மண்ணைக் கிளறி முளை வந்துவிட்டதா என்று பார்ப்பவன் விதையையே கெடுத்துவிடுவான்.

கொப்பியில் நீங்கள் எழுதிய வசனத்தின் கீழ் இதே பிரிப்பைச் செய்யுங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் கையால் ஆகக்கூடியவற்றை எழுதுங்கள்: சட்டத்தரணி கேட்ட கடிதங்களை எடுத்து அனுப்புதல், கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தல் வாங்குதல், வைத்தியர் சொன்ன திகதியில் கிளினிக்குக்குப் போதல். மறுபக்கத்தில் எவ்வளவு முயன்றாலும் உங்கள் கைக்குள் வராதவற்றை எழுதுங்கள்: நீதிபதியின் மனம், பரீட்சை எழுதிய மற்றப் பிள்ளைகளின் புள்ளிகள், உடம்புக்குள் ஏற்கனவே நடந்துவிட்டது. பெரும்பாலோர் திணறுவது இரண்டுக்கும் நடுவில் விழும் காரியங்களில்தான். உங்கள் கையில் இருப்பதுபோலத் தோன்றி உண்மையில் கவலையின் வேறு வடிவமாக மட்டும் இருப்பவை அங்கே குவிந்து கிடக்கும். நாளுக்குப் பத்துத் தடவை வைபரில் மகன் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்ப்பது, அதே வழக்கைச் சந்தித்த இன்னொருவரிடம் மீண்டும் மீண்டும் கேட்பது போன்றவற்றை மறுபக்கத்தில் எழுதுங்கள், கை மறுத்தாலும்.

சாத்திரம் கேட்பதும் இங்கேதான் வருகிறது. ஒரு தடவை சாதகத்தைக் காட்டுவதை நான் குறைகூறவில்லை. எங்கள் வீட்டிலும் காட்டுவார்கள். ஆனால் முதல் சாத்திரி சொன்னது பிடிக்காமல் இரண்டாமவரிடமும், அவர் சொன்னது போதாமல் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் போகும்போது, வழிகேட்கும் நோக்கம் எப்போதோ விலகி, விரும்பிய விடையைப் பறித்தெடுக்கும் நோக்கம் வந்துவிடுகிறது. இறைவன் மறைத்ததைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும் முயற்சி அது. இரண்டாம் சாத்திரியிடம் போக எழுந்தால், அந்தப் பயணக் காசை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள்.

உங்கள் பங்குக்கு ஒரு முடிவுநாள் இருப்பது அவசியம். "அடுத்த வெள்ளிக்குள் கடிதங்கள் போய்ச் சேரும், அதன்பின் புதிதாக எதுவும் செய்வதில்லை" என்று கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். நாள் குறிக்காத முயற்சி முடிவதே இல்லை. முடியாத முயற்சியின் மேல் ஒப்படைத்தல் நிகழாது.

மூன்றாம் படி: ஒப்படைக்கும் மாலை

அந்த வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியபின் கொப்பியுடன் சுவாமி அறையில் இருங்கள். மறுபக்கத்தில் எழுதியவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் "இது இனி உன்னுடையது" என்று சொல்லுங்கள். பெரிய சொற்கள் தேவையில்லை. சொல் எதுவும் வராவிட்டாலும் குறையில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் ஓதாமலே பூசை செய்கிறார்கள், அந்தப் பூசையை ஏற்றுக்கொள்ளும் முருகன் உங்கள் மௌனத்தையும் ஏற்றுக்கொள்வான்.

இவ்விடத்தில் பலருக்கு ஒரு சங்கடம் எழும். "மகன் அங்கேயே இருக்க வேண்டும்" என்ற ஆசையைச் சொல்லலாமா, அப்படிச் சொன்னால் ஒப்படைத்ததாகுமா என்பதே அது. தாராளமாகச் சொல்லுங்கள். ஆசையை மறைத்து வைத்துக்கொண்டு "உன் சித்தம்" என்பது இறைவனிடம் பொய் சொல்வதாகும். கண்பார்வை இழந்த சுந்தரர் திருவாரூர் இறைவனிடம் ஏசலாகவே முறையிட்டார். அந்த ஏசலையும் நாங்கள் தேவாரமாகத்தான் பாடுகிறோம். குருநகரிலும் பாசையூரிலும் உள்ள நம் கத்தோலிக்க அயலவர்கள் வாசிக்கும் வேதத்திலும், இயேசு முதலில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று கேட்டுவிட்டே தந்தையின் சித்தத்துக்கு விட்டார். ஆசையைச் சொல்வது முதல் அடி. அதற்கு அடுத்த அடியை மாணிக்கவாசகர் வைத்துக் காட்டியிருக்கிறார்: "நன்றே செய்வாய் பிழை செய்வாய் நானோ இதற்கு நாயகமே." தம்மை ஆட்கொண்ட அன்றே உயிரையும் உடலையும் உடைமையையும் எடுத்துக்கொண்டாயல்லவா, பிறகு எனக்கென்று ஓர் இடையூறு எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டு, அவர் இந்த வசனத்துக்கு வருகிறார். பிழையாகவே தோன்றுவதையும் நீ செய்யலாம் என்ற அனுமதியை இறைவனுக்குக் கொடுக்கும் அந்தச் சொல் எனக்குப் பல ஆண்டுகள் வாயில் வரவில்லை. உங்களுக்கும் முதல்நாளே வரவேண்டிய கட்டாயமில்லை. வராவிட்டால் "நாம் அறியோம்" என்பதோடு நிறுத்தி, விளக்கை வணங்கி எழுந்து, இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவிக்கப் போங்கள்.

நேர்த்திக்கடன்: பேரமாகாமல் வைப்பது எப்படி

நம் ஊரில் இதை விட்டுவிட்டு இந்த விடயத்தைப் பேசவே முடியாது. நல்லூர்க் கந்தனின் 25 நாள் மகோற்சவத்தில் அதிகாலையிலேயே ஈரத்துணியுடன் ஆண்கள் வெளிவீதி மணலில் உருண்டு பிரதட்டை செய்வதையும், பெண்கள் அடிக்கு அடி விழுந்து வணங்கி அடியழிப்பதையும், தேர்நாளில் காவடிகள் நிரை நிரையாக வருவதையும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். படித்த சிலர் இவற்றை வெறும் கொடுக்கல் வாங்கல் என்று ஒதுக்குகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. மனம் ஒப்படைக்க மறுக்கும் வேளையில் உடம்பு முந்திக்கொண்டு மண்ணில் விழுந்து உருளுகிறது. வீதியில் உருண்டு வருகிறவனால் தன் முன்னே என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாது, கூட வருகிறவர்கள் பிடித்துத் திருப்பிவிடும் திசையில்தான் போகமுடியும். ஒப்படைத்தல் என்ற சொல்லின் பொருளை அதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

கோளாறு "கிடைத்தால்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. "மகனுக்கு வதிவிட அனுமதி கிடைத்தால் காவடி எடுப்பேன்" என்னும்போது, கயிற்றின் ஒரு நுனியை இறைவன் கையில் கொடுத்து மறுநுனியை நாம் இறுக்கிப் பிடித்திருக்கிறோம். கிடைக்காவிட்டால் இருவருக்கும் உறவு அறுந்துவிடும் என்ற மிரட்டலும் அதற்குள் இருக்கிறது. இதற்கு நான் சொல்லும் வழி எளிது, செய்வதுதான் கடினம்: நேர்த்தியை முடிவு தெரியவருவதற்கு முன்பே செலுத்திவிடுங்கள். இந்த ஆண்டு திருவிழாவிலேயே பிரதட்டை செய்யுங்கள். ஏற்கனவே நிபந்தனையோடு வைத்த நேர்த்தி இருந்தால், நிபந்தனையை விலக்கிக்கொள்கிறேன் என்று சுவாமி அறையில் சொல்லிவிட்டு அதையும் நிறைவேற்றுங்கள். காவடியைத் தோளிலிருந்து இறக்கும்போது பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சியிராது.

நான்காம் படி: பயம் திரும்பி வரும்போது

திரும்பி வரும். பெரும்பாலும் இரவு மூன்று மணியளவில், நாய் குரைத்தோ தொலைபேசி மின்னியோ எழுப்பியபின் வரும். ஒப்படைத்தது பொய்யாகிவிட்டது என்று அப்போது நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை கழற்றிய கயிற்றைச் சனிக்கிழமை கை தானாகத் தேடுவது பழக்கத்தினால். எழுந்து முகம் கழுவி, திருநீறு பூசி, பழகிய தேவாரம் ஒன்றை மெல்லச் சொல்லுங்கள். அதன்பின் "இதை உன்னிடம் தந்தாயிற்று" என்று ஒருமுறை நினைவூட்டிக்கொண்டு படுங்கள். நினைவூட்டல் இறைவனுக்கு வேண்டியதில்லை, உங்களுக்கே வேண்டும். புதிய யோசனை ஏதும் தோன்றினால் கொப்பியில் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். அந்த நேரத்தில் எவரையும் அழைக்கக்கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையுடன் ஒரு நாளுக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில் பேசுவதென்று பொருந்திக்கொள்ளுங்கள். உங்கள் பயத்தையும் சேர்த்துச் சுமக்கும் பாரம் அந்தப் பிள்ளைக்கும் குறையும்.

பகலில் செய்யவேண்டியது வேலை. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் "ஏகனாகி இறைபணி நிற்க" என்கிறது. அவனோடு ஒன்றாகி நிற்கும் நிலையைச் சொல்லும் இடத்திலும் பணி என்ற சொல் விடுபடவில்லை. உங்களுடைய கவலைக்குத் தொடர்பில்லாத ஒரு பணியை, கோயில் வீதியைக் கூட்டுவதையோ சந்நிதி மடத்தில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவதையோ, வாரத்தில் ஒருநாள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நித்திரை வராமை, சாப்பாடு இறங்காமை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரைப் பார்ப்பதும் உங்கள் பங்கில் அடங்கும். யாழ் போதனா வைத்தியசாலையில் அதற்குரிய பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்து எடுப்பவரின் நம்பிக்கை குறைவு என்று சொல்பவர் எவராயினும், அவருடைய பேச்சைக் கேளாதீர்கள்.

இந்தப் படிகளை யாருக்குச் சொல்லக்கூடாது

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் போய் "இறைவனிடம் விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் உரிமை எனக்கோ உங்களுக்கோ இல்லை. அவர்களுடைய நிச்சயமின்மையை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். விடையும் மனிதர்களிடமே இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் அத்தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் கந்தசுவாமி கோயிலின் முன்றல் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அங்கே கும்பிட்ட கையுடனே பிள்ளைகளின் படத்தையும் ஏந்திப் பதில் கேட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை கேட்டுக்கொண்டிருப்பதே தண்ணீர் வைப்பது, தொட்டி இன்னும் நிரம்பவில்லை. அவர்களுக்கு முடிவுநாள் குறிக்க வெளியாட்கள் முன்வரக்கூடாது.

ஐந்தாம் படி: முடிவு வந்தபின்

முடிவு விரும்பியபடி அமைந்தால் நன்றி சொல்லுங்கள். அதிகம் பேச எதுவுமில்லை. விரும்பியபடி அமையாவிட்டால் அழுங்கள். அன்றைக்கே "எல்லாம் நன்மைக்கு" என்று சொல்லித் துக்கத்தை மூடிவிடத் தேவையில்லை. நம் முன்னோர் இறந்தவருக்குக் கூட 31ஆம் நாள் வரை காத்திருந்து, அதன்பின்பே அந்தியேட்டி என்ற கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போனார்கள். விடுவதற்கும் காலம் வேண்டும் என்பதை அறிந்து வைத்த முறை அது. கன்மம் (வினைப்பயன்) என்ற சொல்லை உங்கள் சொந்தத் துயரைத் தாங்கப் பயன்படுத்தலாம்; வேறொருவரின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லக்கூடாது. அங்கே போனால் பக்கத்தில் இருங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள், தேத்தண்ணீர் போட ஆளில்லாவிட்டால் நீங்கள் போடுங்கள். சில நாட்கள் சென்றபின் கொப்பியைத் திறந்து, எழுதிய வசனத்தின் கீழ் நடந்ததை ஒரு வரியில் திகதியுடன் குறித்து, அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். அங்கே புதியதொரு வசனம் எழுதவேண்டியிருக்கலாம். பங்கை மறுபடி பிரிக்கவேண்டியிருக்கலாம்.

1996 சித்திரையில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். கொட்டில் சரிந்து கிடந்தது, தொட்டிக்குள் சருகு நிறைந்திருந்தது, பசு இல்லை. அதைக் கண்டதாகச் சொல்ல அயலிலும் எவரும் இருக்கவில்லை. கழற்றிக் கொழுவிய கயிறு மட்டும் கதியாலில் அப்படியே தொங்கியது. அம்மம்மா சற்றுநேரம் கொட்டில் வாசலில் நின்றார். பின்பு அந்தக் கயிற்றை எடுத்து உதறி, கொழுக்கி உடைந்து ஆடிக்கொண்டிருந்த படலையை அதனால் கட்டினார்.